நாத்தனாரைத் தரையிறக்கிய குரல்

நான் "தயவுசெய்து" என்று தொடங்கியபோது விமானம் கிண்டிக்கு மேலே வந்துகொண்டிருந்தது. "விமானத்தின் முன்பகுதியை" என்றபோது ஓடுபாதை கண்ணுக்குத் தெரிந்தது. "சற்றே மேல்நோக்கி" என்று ஒவ்வொரு எழுத்தும் மணி மணியாக விழும்படி நிதானமாகச் சொன்னபோது, திரை முழுவதும் தரையாகிவிட்டது. "உயர்த்தவும்" என்று முடித்தேன். கேட்பதற்கு அங்கே விமானம் இல்லை. புகைதான் இருந்தது.

கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருந்த என் நாத்தனார் பத்மா, ஹெட்ஃபோனைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"நீ சொல்லி முடிக்கறதுக்குள்ள நான் போயே சேர்ந்துட்டேன் கலா," என்றார்.

பெருங்குடியில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் மாடி அது. ஏசிக் குளிருக்குப் பத்மா அக்கா புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்தியிருந்தார். ஹெட்ஃபோனில் ஒலித்தது நான் முன்பே பதிவு செய்து கொடுத்த குரல். அதையே அறையில் இருந்த ஸ்பீக்கரிலும் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தோம். நானே என் குரலைக் கேட்டுக்கொண்டு, என் நாத்தனார் தரையில் மோதுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பின்னால் கைகட்டி நின்ற கம்பெனித் தலைவர், பக்கத்தில் இருந்த கம்பெனிப் பெண் நிவேதாவிடம் மெதுவாகச் சொன்னார்: "நான் அப்பவே சொன்னேன்ல? தமிழை எடுத்துடலாம். இங்கிலீஷ் மட்டும் போதும்."

மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் குரலை வைத்துப் பிழைக்கிறவள் நான். அடுத்த தெருவில் முணுமுணுத்தாலும் என் காதில் விழும். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. அது யார்மேல் என்பதுதான் தெரியவில்லை.

பெயர் சொல்லக் கூடாத விளையாட்டு

வீட்டுக் கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டும் விளையாட்டு ஒன்றை அங்கே தயாரிக்கிறார்கள். பெயரை வெளியே சொல்லக் கூடாது என்று என்னிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். என் வாயைப் பற்றி யாரோ அவர்களிடம் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். இந்த வாரப் பத்திரிகை உங்கள் கையில் இருக்கும்போதும் அது வெளிவந்திருக்காது. வரும்போது நீங்களே தெரிந்துகொள்வீர்கள், குரலை வைத்து.

இம்மாதிரி விளையாட்டுகள் ஏற்கெனவே நிறைய இருக்கின்றனவாம். அவற்றில் எந்தப் பொத்தான் எதற்கு என்று படித்துப் படித்தே பாதிப் பேர் விமானத்தைக் கிளப்பாமல் மூடிவிடுவார்களாம். இது அப்படி இல்லை. ஒன்றும் தெரியாதவர்களுக்காகச் செய்தது. திருப்பவும் தூக்கவும் ஒரு பிடி, வேகத்துக்கு ஒரு தள்ளுகோல், அவ்வளவுதான். மற்றதைக் காதுக்குள் ஒரு குரல் சொல்லிக்கொடுக்கும். முதல் பாடத்தில் ஒரு குட்டி விமானம் மீனம்பாக்கத்தில் ஏறும். கடல்மேல் திரும்பி, அடையாறு முகத்துவாரத்தின் வழியே உள்ளே வந்து, மறுபடி மீனம்பாக்கத்தில் இறங்கும்.

ஏறுவது சுலபம். இறங்குவதில்தான் இருக்கிறது சங்கதி.

அந்தக் குரல் தமிழிலும் இருக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவள் நிவேதா. பாடப் பகுதிக்கு அவள்தான் பொறுப்பு. இங்கிலீஷில் பேசியவர் யாரோ ஒரு வெளிநாட்டுக்காரர். தமிழுக்கு என்னைக் கூப்பிட்டார்கள்.

பதிவு முடிந்ததும், விமானம் என்றால் அண்ணாந்து பார்ப்பதோடு சரி என்றிருக்கும் வயதானவர்களை வரவழைத்து ஓட்டிப் பார்க்கச் சொன்னார்கள். மாம்பலத்திலிருந்து ஆதம்பாக்கம் வரை ஆட்கள் வந்தார்கள், ஓட்டினார்கள், மோதினார்கள். எப்படி இருக்கிறது என்று கேட்டால், "ரொம்ப நல்லா இருக்குமா" என்று சிரித்த முகத்தோடு சொல்லிவிட்டுப் போனார்கள். நம் ஊர் வழக்கம் தெரியாதா என்ன? வந்த இடத்தில் காபி வேறு கொடுத்துவிட்டார்கள். காபி குடித்த வீட்டில் யாராவது குறை சொல்வார்களா?

"எல்லாரும் நல்லா இருக்குன்னுதான் மேம் சொல்றாங்க. ஆனா ஒருத்தர்கூட உயிரோட இறங்கல," என்று நிவேதா என்னிடம் வந்து புலம்பினாள். "மூஞ்சிக்கு நேரா குறை சொல்ற மாதிரி யாராவது தெரியுமா உங்களுக்கு?"

எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

என்னவென்று சொல்லு

நான் சைதாப்பேட்டைக்காரி. கல்யாணம் செய்துகொண்டு வந்த வீடு மயிலாப்பூர், குளத்துக்கு அருகே ஒரு சந்து. காதல் கல்யாணம்தான். அந்தக் கதையையும், அதில் யார் யார் எத்தனை நாள் சாப்பிடவில்லை என்பதையும் முன்னொரு வாரம் எழுதியாகிவிட்டது.

என் கணவரின் அக்கா பத்மா. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் வீட்டு மாடியில்தான் இன்றைக்கும் இருக்கிறார். நான் அந்த வீட்டுக்குள் நுழைந்த முதல் வாரம், கொல்லையில் எதையோ தேடிக்கொண்டிருந்தவரிடம், "இன்னாக்கா தேடறீங்க?" என்று கேட்டேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "இன்னான்னு சொல்லப்படாது கலா. என்னன்னு சொல்லு. எங்க, சொல்லு பார்ப்போம்."

சொன்னேன். அன்று ஆரம்பித்தது. "கீது இல்லை, இருக்கு." "வுடு இல்லை, விடு." சாப்பிடும்போது, துணி உலர்த்தும்போது, விருந்தினர் எதிரே என்று இடம் பொருள் பார்க்காமல் நடக்கும் இந்த வாத்தியார் வேலை. எதிர்த்துப் பேசலாம்தான். ஆனால் அந்த வீட்டில் என் பக்கம் நின்றது என் கணவர் மட்டும். அவருக்கும் அக்கா என்றால் பயம். அதனால் ஒவ்வொரு சொல்லாக என் வாயிலிருந்து கழற்றி வைத்தேன்.

நியாயமாகவும் பேச வேண்டும். அப்படித் திருத்திய தமிழ்தான் எனக்குச் சோறு போட்டது. தி.நகரில் ஒரு கீழ்த்தளத்து ஸ்டுடியோவில் டப்பிங் பேச ஆள் தேடினார்கள். போனேன். "உச்சரிப்பு சுத்தமா இருக்கே, எந்த ஊரும்மா?" என்று கேட்டார்கள். மயிலாப்பூர் என்றேன். பொய் இல்லையே. அன்றிலிருந்து எத்தனையோ முகங்களுக்குப் பேசிவிட்டேன். நாயகியின் தங்கை, வில்லி, வக்கீல், பேய். பேய்க்கு மட்டும் பாராட்டு கொஞ்சம் தூக்கலாகவே கிடைக்கும். வேலை எதுவானாலும் என் குரல் இன்னொருத்தி வாயில்தான். பெயர் வராது, முகமும் வராது.

இந்த விளையாட்டில் முகமே கிடையாது. நான் எவள் வாய்க்கும் பேச வேண்டியதில்லை. தொடங்கும்போது திரையில் "குரல்: கலா" என்று வரும் என்றாள் நிவேதா. அதைக் கேட்ட நாளிலிருந்து எனக்குத் தரையில் கால் பாவவில்லை. இப்போது தமிழை எடுத்துவிடலாம் என்கிறார் தலைவர். எடுத்தால் போவது ஒரு வேலை இல்லை. என் குரல் என் பெயரில் ஒருமுறையாவது ஒலிக்க வேண்டும் என்ற ஆசை.

கூடம் கோணல்தான்

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று பத்மா அக்காவை மனதுக்குள் திட்டிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து, நிவேதா அனுப்பிய அந்தப் பயணத்தின் பதிவை மறுபடி மறுபடி போட்டுப் பார்த்தேன். கூடம் நிஜமாகவே கோணல்தான்.

பேச்சில் பழுது சொல்ல முடியாது. வானொலியில் போடலாம், கோயில் கும்பாபிஷேகத்துக்கு வர்ணனை சொல்லலாம். ஆனால் "தயவுசெய்து" என்று வணங்கி, "சற்றே" என்று குழைந்து, "உயர்த்தவும்" என்று வந்து சேர்வதற்குள் விமானம் என்ன, விமான நிலையமே காலியாகிவிடும்.

இதை எழுதிக்கொடுத்தவர்களையும் குற்றம் சொல்ல மாட்டேன். வயதானவர்கள் கேட்கப்போகிறார்களே, மரியாதை குறையக் கூடாதே என்று பயந்து பயந்து எழுதியிருக்கிறார்கள். தமிழில் மரியாதை கூடக் கூட வாக்கியம் நீளும். அவசரத்தில் யாரும் அப்படிப் பேசுவதில்லை. வீடு பற்றி எரியும்போது, "தயவுசெய்து வெளியே எழுந்தருளவும்" என்றா சொல்வோம்?

நான் செய்த தவறு வேறு. என் தொழிலில் முதல் பாடமே, திரையில் வாய் மூடும்போது வாக்கியமும் மூட வேண்டும் என்பது. படம் ஓடாமல் நான் ஒரு வரிகூடப் பேசியதில்லை. இங்கே வாயே இல்லையே என்று, கொடுத்த காகிதத்தைப் பார்த்து நிதானமாக வாசித்துவிட்டு வந்திருக்கிறேன்.

மறுநாள் காலையிலேயே பெருங்குடிக்குப் போய் நின்றேன். நிவேதா முந்தின நாள் தலைவரிடம் மன்றாடி இன்னொரு சந்தர்ப்பம் வாங்கி வைத்திருந்தாள். அதே பத்மா அக்கா, அதே பாடம், யாரும் பக்கத்தில் நின்று உதவக் கூடாது. இறங்கினால் தமிழ் இருக்கும். மோதினால் இங்கிலீஷ் மட்டும்.

"மேம், அவங்களையேவா மறுபடியும்?" என்று தயங்கினாள். "நீங்க என்ன சொன்னாலும் அதுக்கு எதிரா செய்வாங்கன்னு சொன்னீங்களே."

"அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம். எனக்குப் படத்தைப் போடு," என்றேன்.

படம் ஓடியபோது

பதிவு அறையில் எனக்கு எதிரே ஒரு திரை வைத்தார்கள். நிவேதா வெளியே உட்கார்ந்து ஓட்டினாள், வேண்டுமென்றே தப்புத்தப்பாக. ஒவ்வொரு தப்புக்கும் நான் ஒரு வரி பேசி வைத்தால், ஓட்டுகிறவர் அந்தத் தப்பைச் செய்யும்போது விளையாட்டு அந்த வரியை எடுத்துப் போடுமாம். நான் காகிதத்தைத் தரையில் போட்டுவிட்டு மைக் முன்னால் நின்றேன்.

முதலில் ஒழுங்காகத்தான் ஆரம்பித்தேன். "மூக்கை உயர்த்துங்கள்." தாமதம். "உயர்த்துங்க." அப்போதும் தாமதம். விமானம் ஒரு பக்கம் சாய்ந்துகொண்டு கீழே வருகிறது. யோசிக்க நேரமில்லை.

"ஒடி ஒடி ஒடி… ரைட்ல ஒடி. ஆங், போதும். வரலாம், வரலாம், வரலாம்…"

அது என் குரல் இல்லை. என் நைனாவுடையது.

நைனா சைதாப்பேட்டை மார்க்கெட்டில் மூட்டை இறக்கியவர். விடிந்ததும் அந்தக் குறுகிய தெருவுக்குள் காய்கறி லாரிகள் பின்புறமாக வரும். இந்தப் பக்கம் சுவர், அந்தப் பக்கம் தக்காளிக் கூடைகள், நடுவில் ஜனம். நைனா லாரிக்குப் பின்னால் நின்று, பக்கப் பலகையைத் தட்டித் தட்டிக் குரல் கொடுப்பார். டிரைவருக்கு அவர் முகம் தெரியாது, குரல் மட்டும்தான் கேட்கும். "வரலாம் வரலாம்… லெஃப்ட்ல ஒடி… இன்னாத்துக்கு அவசரம், மெதுவா… ஓல்டான்." நின்றுவிடும். பள்ளிக்கூடம் போகும் வழியில் நான் இதைப் பார்க்காத நாளே கிடையாது.

நைனா போய் வெகு காலம் ஆயிற்று. அந்தக் கண்ணாடி அறையில், என் வாய் வழியாக அவர் லாரிக்குக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தார். எனக்குக் கண்ணில் நீர் கட்டிவிட்டது. நிறுத்தவில்லை.

"தோ பாருமா, ரோடு நேரா கீது. அதையே பாத்துக்கினு வா. மூக்கு கீழ போவுது, இழு… போதும். பயப்படாதமா, நான் கூடதான் கீறேன். வேகத்த கொற… இன்னும் கொஞ்சம்… இப்ப இழு, இழு, அப்டியே புடி… வுடு."

சக்கரம் தரையைத் தொட்டது. நிவேதா கண்ணாடிக்கு அப்பாலிருந்து பொத்தானை அழுத்திப் பேசினாள்.

"மேம், நான் தப்பா ஓட்டணும்னுதான் ஓட்டினேன். நீங்க சொல்லச் சொல்ல கை தானா செஞ்சிடுச்சு. ஆனா வயசானவங்களைப் போய் 'இழு', 'புடி'ன்னு சொன்னா கோவிச்சுக்க மாட்டாங்களா?"

"அதுக்குத்தான் 'மா' போட்டிருக்கேன்," என்றேன். எங்கள் பக்கம் எல்லோருக்கும் அந்த ஒரு 'மா'தான். ஆண் பெண், சின்னவர் பெரியவர் என்று வித்தியாசம் கிடையாது. மீன் விற்கிறவரும் 'மா', மாஜிஸ்ட்ரேட்டும் 'மா'. அதற்குமேல் மரியாதை வேண்டுமென்றால் விமானத்தை நிறுத்திவிட்டு வந்து வாங்கிக்கொள்ளட்டும்.

இரண்டாவது பயணம்

பத்மா அக்காவிடம் எதையும் சொல்லவில்லை. "இன்னொரு தடவை வரணுமாம்," என்றேன். "திருந்தியிருக்கா?" என்று கேட்டார். "நீங்களே பார்த்துச் சொல்லுங்கோ," என்றேன்.

இந்தத் தடவை அறை முழுக்க ஆட்கள். விஷயம் பரவியிருந்தது. தலைவர் அதே இடத்தில் கைகட்டி நின்றார். நான் சுவரோரமாகப் போய் நின்றுகொண்டேன்.

பத்மா அக்கா ஹெட்ஃபோனை மாட்டினார். விமானம் ஓடுபாதையில் நின்றது. குரல் வந்தது: "வாமா, போலாம். கைல கீதே தள்ளுகோலு, அத்த முன்னால தள்ளு."

அவர் தள்ளவில்லை. மெல்லத் திரும்பி, சுவரோரம் நின்ற என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் பழக்கமானது.

"கலா, இது நீயா?"

"நான்தான்க்கா."

"கீதுங்கறே?"

"ஆமாக்கா."

தலைவர் தலையைக் குனிந்துகொண்டார். நிவேதா நகத்தைக் கடித்தாள். குரல் மட்டும் யாருக்கும் பயப்படவில்லை. "இன்னாமா, தூங்கிட்டியா? தள்ளுமா," என்றது. மூலையில் யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்கள். பத்மா அக்கா உதட்டை இறுக்கிக்கொண்டு திரைப்பக்கம் திரும்பித் தள்ளினார்.

விமானம் ஏறியது. கடல்மேல் திரும்பும்போது அவர் வழக்கம்போல ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். "அது என்ன, போவுதுன்னு…" என்று ஆரம்பிப்பதற்குள் விமானம் இடது பக்கம் சாய்ந்தது. "சாயுது பாரு, ரைட்ல ஒடி" என்றது குரல். திருத்த வந்த வாய் அப்படியே நிற்க, கை வலது பக்கம் ஒடித்தது. விமானம் நிமிர்ந்தது.

கல்யாணம் ஆகி வந்த நாள் முதல் நான் சொல்லி அவர் ஒரு காரியத்தை மறுபேச்சில்லாமல் செய்தது அதுவே முதல் தடவை. எனக்கு விசிலடிக்க வேண்டும்போல இருந்தது.

முகத்துவாரம் வந்தது. நதியின் வளைவு, பாலங்கள், வலப்பக்கம் சைதாப்பேட்டையின் நெருக்கமான கூரைகள். கிண்டியின் பச்சை. ஓடுபாதை நீளக் கோடாகத் தெரிந்தது. போன முறை "தயவுசெய்து" தொடங்கிய இடம் இதுதான். பத்மா அக்காவின் தோள் விறைத்தது.

"பயப்படாதமா, நான் கூடதான் கீறேன்," என்றது குரல். "வேகத்த கொற. மெதுவா… வரலாம், வரலாம்… மூக்கு தொங்குது, இழு. போதும்."

அவர் உதடு அசைந்துகொண்டிருந்தது. "இழுக்கறேன்… இரு… வரேன்," என்று தனக்குள் பேசிக்கொண்டே பிடியை இழுத்தார். தரை மேலே வந்தது.

"இப்ப இழு, இழு… அப்டியே புடி."

சக்கரம் தட்டியது, விமானம் எகிறியது. யாரோ "ஐயோ" என்றார்கள்.

"குதிச்சா குதிக்கட்டும், கைய வுடாத. நேரா பாரு… நேரா… வுடு. ஓல்டான்."

விமானம் ஓடி, மெதுவாகி, கோட்டின் நடுவில் நின்றது.

அந்த மாடியே கை தட்டியது. நிவேதா ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள். நான் அழுதேன். வெட்கப்படாமல், மூக்கைச் சிந்திக்கொண்டு, சைதாப்பேட்டைக்காரி அழுகிற மாதிரியே அழுதேன். நைனா, லாரி வந்து சேர்ந்துடுச்சு என்று சொல்ல வேண்டும்போல இருந்தது.

தலைவர் முன்னால் வந்தார். அவர் முகத்திலும் சிரிப்பு இருந்தது. "தமிழ் இருக்கட்டும்," என்றார். பிறகு, பொறுப்பில் இருக்கிறவர்களுக்கே உரிய கவலையோடு சேர்த்துக்கொண்டார்: "ஒண்ணே ஒண்ணு. இந்த 'கீது', 'வுடு' மட்டும் கொஞ்சம் திருத்தி, 'இருக்கு', 'விடுங்க'ன்னு மறுபடி பேசிடலாம். மேடம் மாதிரி பெரியவங்க கேட்டா மரியாதைக் குறைவா…"

"யார் சொன்னா?" என்றார் பத்மா அக்கா.

எல்லோரும் திரும்பினோம். அவர் ஹெட்ஃபோனைக் கழற்றவே இல்லை. ஒரு காதை மட்டும் விலக்கி வைத்திருந்தார்.

"என்னைப் பத்திரமா கீழ கொண்டுவந்து விட்டிருக்கா. இதைவிட என்ன மரியாதை வேணும்? அவ பேச்சைத் திருத்தற வேலையெல்லாம் நான் வேண்டிய மட்டும் பண்ணியாச்சு. போறும். இனிமே அதுல ஒருத்தரும் கை வைக்கப்படாது."

என்னை அவர் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இருவரில் ஒருவர் உடைந்திருப்போம். ஹெட்ஃபோனைச் சரியாக மாட்டிக்கொண்டு, நிவேதாவிடம், "ஆரம்பிக்கச் சொல்லு அவளை," என்றார்.

நிவேதா பொத்தானைத் தட்டினாள். "வாமா, போலாம்," என்றது என் குரல்.

"வந்துண்டே இருக்கேன்," என்று பதில் சொல்லிவிட்டு, பத்மா அக்கா தள்ளுகோலை முன்னால் தள்ளினார்.